மதியும் விதியும் கைப்பிழையும்

பக்தாதில் பிறந்து, இந்தியா முதலிய நாடுகளைச் சுற்றிப் பார்த்து, கி.பி. 956 ஆம் ஆண்டில் எகிப்தில் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, ‘முரூஜுத் தஹப்’ என்னும் தம் பெருநூலில் ஆட்டங்களைப் பற்றிய ஒரு கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். சதுரங்கத்தைக் கண்டவன் மனிதனுக்குச் செயலுரிமை உண்டென நம்பியவன். நர்து என்னும் பகடையாட்டத்தைக் கண்டவன், யாவும் முன்னரே விதிக்கப்பட்டவை, மனிதன் கையில் ஏதுமில்லை என நம்பியவன். இவ்வாறு அக்காலச் சிந்தனையாளர் சிலர் கூறினர் என்பது அவர் தரும் செய்தி. கட்டத்தின்மேல் நகரும் மரக்காய்களுக்குள் கத்ரின் வழக்கையே கண்டுவிட்ட அந்த நுண்ணறிவை நான் பலமுறை வியந்ததுண்டு. அவ்விரண்டு ஆட்டங்களையும் ஒரே கட்டத்தில் இணைத்துவிட்டால் என்ன நிகழும் என்று மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மழைக்காலத்தில் என் பேரன் அதை எண்ண வைத்துவிட்டான்.

ஒலக்கூரில் மழைக்காலம் என்றால் மல்லாட்டைக் கொல்லை வேலையும் நின்று, மின்சாரமும் விட்டுவிட்டு வரும் காலம். தமிழக அரசு 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் இளைய மகனுக்குக் கிடைத்த பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் உயிரோடிருக்கிறது. அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் இந்திய லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. விண்டோஸ் மூச்சுத் திணறத் தொடங்கிய பின்னர் மற்றதைக் கொண்டே காலந்தள்ளுகிறோம். அந்தக் கிழப் பெட்டியிலும் தடையின்றி ஓடும் ஆட்டம் ஒன்றைப் பேரன் தேடி எடுத்துப் பதிவு செய்திருந்தான். ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்பது அதன் பெயர். வெஸ்நாத் என்னும் கற்பனை நாட்டுக்கான போர் என்று பொருள் கொள்ளலாம்.

டேவிட் ஒயிட் என்பவர் 2003 இல் தொடங்கிய இவ்வாட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்க்கப்பட்டு வருகிறது. விலையில்லை, உள்ளே நுழைந்த பின் பணம் கேட்கும் தந்திரமும் இல்லை, மூலநிரலை எவரும் எடுத்துத் திருத்தலாம். 2005 இல் முதல் நிறைபதிப்பு வந்தது. 2024 இல் 1.18 என்னும் பதிப்பு வெளியாயிற்று. இணையச் சூதாட்டத்தில் குடும்பங்கள் அழிவதைக் கண்டு 2023 இல் தமிழகத்தில் தனிச்சட்டமே கொண்டுவர நேர்ந்தது. அந்தச் சூழலில் இவ்வளவையும் இலவசமாகத் தரும் ஒரு கூட்டத்தாரின் உழைப்பை முதலில் பாராட்டிவிட்டே குறை சொல்லப் புகுதல் முறை.

குறை சொல்வதற்கும் காரணம் உண்டு. 2022 இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் பெற்றபோதும் நம் வீடுகளில் எத்துணைப் பெருமிதம்! அதே வீடுகளில் ஒரு பிள்ளை மடிக்கணினியில் ஆடுகிறான் என்றால் எது, ஏது என்று கேளாமலே மூடிவைக்கச் சொல்கிறோம். ஒரு நூலைப் படிக்காமல் அதற்கு மதிப்புரை எழுதுதல் எத்தகைய பிழையோ அத்தகைய பிழை இது. எனவே இரண்டு மாத காலம் நானே அமர்ந்து ஆடினேன். தோற்றேன், சில இடங்களில் வென்றேன். நான் கண்டதைக் கூறுகிறேன்.

களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. தேன்கூட்டை நினைத்துக்கொள்க. புல்வெளி, காடு, மலை, ஆறு, சிற்றூர், கோட்டை என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலவகை உண்டு. இரு தரப்பாரும் முறை வைத்துக் காய்களை நகர்த்துவர். கோட்டையின் நடுவில் தலைவன் நின்றால்தான் பொன் கொடுத்துப் புதிய வீரர்களைச் சேர்க்க முடியும். ஓர் ஈட்டிக்காரனுக்குப் பதினான்கு பொன்; மந்திரவாதிக்கு இருபது. பிடித்துவைத்த சிற்றூர்கள் ஒவ்வொரு முறையும் பொன் ஈட்டித் தரும். காயம்பட்டவன் அங்கே தங்கினால் தேறுவான். தலைவன் வீழ்ந்தால் பொதுவாக ஆட்டம் முடிந்தது. இவ்வளவில் இது சதுரங்கத்தின் உறவினன்தான்.

வேறுபாடு அடி விழும் இடத்தில் வருகிறது. சதுரங்கத்தில் குதிரை சிப்பாயின் கட்டத்தில் இறங்கினால் சிப்பாய் வெளியேற வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. இங்கே ஒவ்வொரு அடியும் படலாம், படாமலும் போகலாம். புல்வெளியில் நிற்கும் ஈட்டிக்காரன்மேல் ஓர் அடி பட நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. அவனே சிற்றூரில் நின்றால் நாற்பது. முழங்கால் ஆற்றுநீரில் நின்றால் எண்பது. குள்ளர் இனத்தவன் மலைமேல் நின்றால் முப்பதுதான். அல்மஸ்ஊதி பிரித்துவைத்த இரண்டும் இங்கே சந்திக்கின்றன. எங்கே நிற்பது, எவனை முன்னே நிறுத்துவது என்பன மதியின் வேலை. அங்கே நின்றபின் அடி படுமா என்பது பகடையின் வேலை.

நம் பகுதி வாசகர்களுக்கு இந்நிலக்கணக்கை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து பேருந்தேறினால் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்த அக்கோட்டையை முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 இல் முற்றுகையிடத் தொடங்கி 1698 இல்தான் கைப்பற்ற முடிந்தது. எட்டு ஆண்டுகள்! படைபலம் எவ்வளவு இருந்தும் பாறை தன் பங்கைக் கேட்டது. அதே செஞ்சியின் தேசிங்கு ராஜன் 1714 இல் செய்தது என்ன? மதிலுக்குள் இராமல் வெளியே வந்து, சிறு குதிரைப்படையோடு ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் பெரும்படையை வெட்டவெளியில் சந்தித்தான். நண்பன் மகபத்கானும் அவனோடு மாண்டான். நம் நாட்டுப்பாடல் அந்த நட்பை உச்சிமேல் வைத்துப் போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் என் பேரன் அக்கதையைக் கேட்டுவிட்டுச் சொன்ன விமரிசனம் வேறு: “கோட்டையிலே நிக்க வேண்டியவரு புல்லுக்கு ஏன் நன்னா வந்தாரு?” இவ்வாட்டம் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்த கேள்வி அது. எந்த வரலாற்றுப் பாடநூலும் அவனிடம் அக்கேள்வியை எழுப்பியதாக நான் அறியேன்.

நிலத்துக்கு அடுத்தது பொழுது. வைகறை, காலை, பிற்பகல், அந்தி, முதற்சாமம், இரண்டாம் சாமம் என ஆறு பொழுதுகள் முறைக்கொன்றாகச் சுழல்கின்றன. மனிதப் படையினர் பகலில் கால்பங்கு வலிமை கூடுவர், இரவில் கால்பங்கு குறைவர். ஓர்க் என்னும் காட்டுப் படையினர்க்கு இது தலைகீழ். எண்ணால் சொன்னால் சுவை விளங்கும். ஓர்க் வீரன் இயல்பில் ஒன்பது அளவில் இருமுறை வெட்டுவான். ஈட்டிக்காரன் ஏழு அளவில் மும்முறை குத்துவான். காலையில் ஓர்க்கின் வெட்டு ஏழாகக் குறைந்து, ஈட்டியின் குத்து ஒன்பதாக உயர்கிறது. இரவிலோ வெட்டு பதினொன்று, குத்து ஐந்து. அதே இருவர், அதே இடம். ஞாயிறு மறைந்தால் வென்றவன் தோற்றவனாகிறான். ஆகவே அந்தியில் பின்வாங்கி, இரவெல்லாம் சிற்றூர்களிலும் மலைகளிலும் ஒடுங்கியிருந்து, வைகறையில் திரும்பித் தாக்குபவனே இங்கே வெல்கிறான். பின்வாங்குதலை இழிவெனக் கருதும் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து. என் முதல் ஐந்து தோல்விகளும் இரவில் முன்னேறியதால் வந்தவையே.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் கண்டபோது எனக்கு எங்கள் திண்ணையே நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் காவல் காக்கிறான். பகைவன் அக்கட்டங்களுள் ஒன்றில் கால் வைத்தவுடன் அம்முறைக்கு அவன் நடை நின்றுவிடும். எனவே தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டியதில்லை. இரண்டு கட்ட இடைவெளி விட்டு நின்றாலும் வழி அடைபடும். ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆடுகள் மூன்று புலிகளை எவ்வாறு கட்டுகின்றன? அடித்தா கட்டுகின்றன? ஓர் ஆட்டுக்குக்கூட அடிக்கும் உரிமை இல்லை. நின்ற நிலையாலேயே கட்டுகின்றன. எங்கள் வீட்டுத் திண்ணைக் கல்லில் என் பாட்டனார் காலத்தில் செதுக்கிய ஆடுபுலிக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பேரனை அங்கே அமர்த்தி நான் ஆடுகளை வைத்து ஆடியபோது, வெஸ்நாத்தில் படித்த பாடத்தை அவன் என்மேலேயே திருப்பினான். மூன்று ஆட்டத்தில் இரண்டில் புலி அவனுடையதாக இருந்தும் நான் கட்ட முடியவில்லை.

இப்பொழுது விதியின் பக்கத்துக்கு வருவோம். மந்திரவாதியின் தாக்குதலுக்கு ஒரு சிறப்பு: எதிரி எங்கே நின்றாலும் நூற்றுக்கு எழுபது வாய்ப்பு. அவன் மும்முறை எறிவான். ஒருநாள் மூன்றும் தவறின. “ஏமாத்துது நன்னா!” என்று பேரன் கூவினான். தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஓர் எறி தவற முப்பது. மூன்றும் தவற, ஆயிரத்துக்கு இருபத்தேழு. அரிதுதான். ஆனால் ஒரு நீண்ட போரில் மந்திரவாதிகள் நாற்பது முறை தாக்கினால், அவற்றுள் ஒருமுறையேனும் இவ்வாறு முழுவதும் தவற மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதாவது, நிகழாது என்று நாம் எண்ணியது பெரும்பாலும் எங்கேனும் ஓரிடத்தில் நிகழ்ந்தே தீரும். எங்கே என்பதுதான் தெரியாது. ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரன் ஒரே மந்திரவாதியை நம்பிப் போரைத் திட்டமிடுவதில்லை. அவன் தவறினால் அடைப்பதற்கு இன்னொருவனை அருகில் வைத்திருக்கிறான். நஸீபைக் குறை கூறும் வாய் அடைபட்டு, ஏற்பாட்டைச் சரிபார்க்கும் கண் திறப்பது இங்கேதான். சதுரங்கம் இதைக் கற்பிக்க இயலாது, அங்கே விதிக்கு இடமில்லை. நர்தும் கற்பிக்க இயலாது, அங்கே மதிக்கு இடம் குறைவு.

மார்க்க நோக்கில் ஐயம் எழுப்புவோர்க்கு ஒரு சொல். நான் ஆலிம் அல்லன். தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. நர்தைப் பெரும்பான்மை அறிஞர்கள் தடுத்தனர் என்பதும், சதுரங்கத்தில் கருத்து வேறுபட்டனர் என்பதும் நாமறிந்தவை. ஹனஃபீ அறிஞர்கள் அதனைக் கடுமையாகவே நோக்கினர். ஷாஃபிஈ மத்ஹபில் பந்தயமும் தொழுகைக்கு இடையூறும் இல்லாதவரை அது விலக்கப்பட்டதன்று, விரும்பத்தகாதது என்னும் அளவில் நின்றது. இவ்வாட்டத்தில் பந்தயம் இல்லை. ஆனால் தொழுகைக்கு இடையூறு இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ‘இன்னும் ஒரு முறை’ என்னும் ஆசை இதில் மிகக் கொடியது. அஸர் பாங்கு ஒலிக்கும்போது திரையில் இரண்டாம் சாமம் நடந்துகொண்டிருக்கும். ஆட்டத்தை எந்தக் கணத்திலும் சேமித்து நிறுத்தலாம் என்பது ஒன்றே ஆறுதல். எங்கள் வீட்டில் பாங்கு கேட்டவுடன் சேமிப்பது சட்டம். அச்சட்டத்தை இருமுறை மீறியவன் பேரன் அல்லன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் வழக்கு. இது வரை சொன்னவற்றில் தோல்வி இரண்டு வகை: தவறாக நினைத்துத் தோற்பது, சரியாக நினைத்தும் பகடையால் தோற்பது. இரண்டும் நேர்மையானவை. மூன்றாவது வகை ஒன்றை இவ்வாட்டத்தின் முகப்பு நமக்குத் தருகிறது. சரியாக நினைத்து, பகடையும் எதிர்க்காமல், விரல் நழுவித் தோற்பது.

நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அதற்கெதிரே ஓர் ஓர்க் வீரன். என் ஈட்டிக்காரனைச் சிற்றூரில் ஏற்றி அங்கிருந்து அவனைத் தாக்குவது என் எண்ணம். இவ்வாட்டத்தில் பகைவன்மீதே சொடுக்கினால் நம் காய் தானே நடந்து அவனருகில் நின்று தாக்கும். எந்தப் பக்கத்தில் நிற்கும்? பகைவனின் கட்டத்துக்குள் சுட்டுமுனை எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்! பழைய மடிக்கணினியின் டச்பேடில், அறுபதைத் தாண்டிய விரலால், ஒரு சிறு கட்டத்துக்குள் ஆறு ஓரங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் நகத்தளவு வழுகியது. என் வீரன் சிற்றூரில் ஏறாமல் ஆற்றுக்குள் இறங்கி நின்று குத்தினான். நாற்பதாக இருக்க வேண்டிய ஆபத்து எண்பதாயிற்று. அடுத்த முறையில் அவன் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கூறிவிடுகிறேன். தாக்குமுன் ஒரு சாளரம் தோன்றி, எந்த ஆயுதம், எத்தனை அடி, என்ன வாய்ப்பு என்று காட்டவே செய்கிறது. அங்கே எண்பது என்று எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. குற்றம் என்னுடையது என்பீர். முதல் நாளில் அச்சாளரத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். நூறாவது முறை தோன்றும்போது எவன் படிப்பான்? எச்சரிக்கை எப்பொழுதும் ஒரே முகத்தோடு வந்தால் அது எச்சரிக்கையாக இராது. வாசற்படியாகிவிடும், மிதித்துக்கொண்டு போவோம். மேலும் அச்சாளரம் என்ன வாய்ப்பு என்று சொல்கிறதே தவிர, ‘நீர் ஆற்றில் நிற்கப் போகிறீர், அருகில் சிற்றூர் காலியாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. வெறும் நடையாக இருந்தால் திரும்பப் பெறும் வசதி உண்டு. போர் நடந்துவிட்டாலோ, மறைவான நிலம் ஏதும் புலப்பட்டுவிட்டாலோ திரும்பப் பெற முடியாது. அது நியாயமே; பகடையைப் பார்த்துவிட்டு மறுபடியும் உருட்டக் கேட்பது ஆட்டமாகாது. ஆனால் திரும்பப் பெற முடியாத செயலுக்குத்தான் வாயில் குறுகலாக இருக்க வேண்டும். இங்கே அது அகலமாக இருக்கிறது.

இன்னொன்று. ஒரு முறையில் சென்றடைய இயலாத தொலைவைச் சொடுக்கிவிட்டால், காய் போகுமட்டும் போய், மீதி வழியை அடுத்தடுத்த முறைகளில் தானே நடக்கத் தொடங்கும். நெடும்பயணத்துக்கு நல்ல வசதி. ஆனால் அருகிலிருந்த கட்டத்தை எண்ணிக் கை தவறித் தொலைவைத் தொட்டு, அதை மறந்தும் போனவனுக்கு? காயம் ஆற்றும் பெண் மருத்துவி ஒருத்தியை நான் படையின் பின்னே நிறுத்தியதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவளோ நான் இட்ட பழைய கட்டளையை நெஞ்சில் சுமந்து, தனியே, வடக்கு நோக்கி, எலும்புப் படையின் நடுவே நடந்துபோனாள். கீழ்ப்படிதல் இத்துணைத் துயரமாக இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

நம் மார்க்கத்தில் செயலை நிய்யத்தைக் கொண்டு அளக்கிறோம். இயந்திரத்துக்கு நிய்யத் தெரியாது. சொடுக்கு மட்டுமே தெரியும். இது எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவான குறைதானே என்றால், அன்று. சதுரங்கப் பலகையில் எண்ணத்துக்கும் கைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. போட்டிகளில் ‘தொட்ட காயை நகர்த்து’ என்னும் கடும் விதி இருக்கிறது; அவ்விதியை எவரும் கொடுமை என்பதில்லை, ஏனெனில் குதிரையைத் தொட நினைத்தவன் தவறி யானையைத் தொடுவது அரிது. காய் கைக்கேற்ற அளவில் செய்யப்பட்டிருக்கிறது. அப்பாஸியர் அவையில் அல்முக்தஃபீ கலீஃபாவின் முன்னிலையில் ஆடி வென்ற அஸ்ஸூலீ தோற்ற ஆட்டங்களும் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட விரல் வழுக்கியதால் தோற்றதாக இராது. எங்கள் திண்ணைக் கல்லில் புளியங்கொட்டை நகர்ந்துவிட்டால், ‘இது ஆட்டமில்லை, காற்று’ என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லித் திருப்பி வைக்கலாம். அவர் மனிதர், ஒப்புக்கொள்வார். ஓர் ஆட்டம் எந்த அளவுக்கு மதியை நம்பி எழுப்பப்படுகிறதோ, அந்த அளவுக்கு அதன் முகப்பு கையின் பிழையைக் களத்துக்கு வெளியே நிறுத்தக் கடமைப்பட்டது. அவசரமே உயிரான ஓட்ட ஆட்டங்களில் விரலின் திறமே ஆட்டம். அங்கே வழுக்கினால் தோற்பது முறை. முறைவைத்து, மணிக்கணக்கில் சிந்திக்கச் சொல்லும் ஆட்டத்தில் அது முறைகேடு.

மறைந்து கிடக்கும் நன்மைகளும் ஒருவகைக் குறையே. பகைப்படை அடுத்த முறையில் எங்கெல்லாம் எட்ட முடியும் என்பதைக் களம் முழுவதிலும் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என் ஆட்டம் மாறிவிட்டது. ஆனால் அது மெனுவுக்குள்ளும் இரண்டு விசைகளின் சேர்க்கையிலும் ஒளிந்திருக்கிறது. மூன்று வாரம் ஆடிய பின்னரே என் கண்ணில் பட்டது. தொடக்கப் பயிற்சியில் வைக்கோற் பொம்மையைக் குத்தக் கற்றுத் தருகிறார்கள்; எதிரியின் எட்டுதூரத்தைப் பார்க்கக் கற்றுத் தருவதற்கல்லவா முதலிடம் கொடுத்திருக்க வேண்டும்? திரையின் வலப்புறப் பட்டியில் வீரனின் நிலை சிறுசிறு எழுத்துகளில் நெருங்கி நிற்கிறது. எங்கள் வீட்டில் ஆட்டம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. தன்னார்வலர்கள் இதை இலத்தீனிலும் எஸ்பெராண்டோவிலும்கூட மொழிபெயர்த்திருக்கிறார்கள். பேசுவோர் அருகிய மொழிகளுக்கு உழைக்க ஆள் இருக்கும்போது, கணித்தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நம் இளைஞர்கள் இத்தகைய பணிகளில் கைவைத்தால் என்ன? மூலம் திறந்தே கிடக்கிறது. பழந்தமிழில் போர்க்களச் சொற்களுக்கா பஞ்சம்? தூசிப்படை, கூழை, அணி, வியூகம் என்று எடுக்க எடுக்க வருமே.

கதைப்பகுதியை நான் பெரிதாகக் கருதவில்லை. எல்ஃப் என்னும் வனவாசிகளிடம் வளர்ந்த இளவரசன் கோன்ராட், முதிய மந்திரவாதி டெல்ஃபடோரின் துணையோடு அரியணையைத் தேடிப் புறப்படுவது நம் பாட்டிமார் சொன்ன கதைகளின் தூரத்துச் சாயல்தான். உரையாடல்கள் தட்டை. கற்பனைப் போர் என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. ‘சக்கூன் படைப்போர்’, ‘ஐந்து படைப்போர்’ என வரலாற்றில் தேடினால் கிடைக்காத அரசர்களோடு நிகழ்ந்த போர்களைப் பாடிய மரபு நம்முடையது. விளக்கு வைத்து விடிய விடிய அவற்றைப் படிக்கக் கேட்ட சமுதாயம் நாம். சுளிப்பது வேறிடத்தில். ஓர்க் என்றால் பிறவியிலேயே பகைவன் என்று ஓர் இனத்தையே ஒதுக்கும் பார்வை இளம் உள்ளத்துக்கு நல்லதா? நம்மை அவ்வாறு ஒதுக்கிப் பேசும் வாய்களை நாம் அறிவோம். ஆதலால் இக்கேள்வி நமக்குக் கூடுதலாக உறைக்க வேண்டும். ஆக்கியோரும் இதை உணர்ந்தார்கள் போலும். ஓர்க் தலைவன் ஒருவனின் பக்கத்தில் நின்றே ஆடும் தனிக் கதை ஒன்றும் இதில் உண்டு. அதை முதலில் ஆடச் சொல்லிப் பேரனுக்குக் கட்டளையிட்டேன். இறந்தோரை எழுப்பும் மாந்திரீகத்தில் வீழும் இளைஞனின் கதை ஒன்றும் இருக்கிறது; அதனைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது என்பது என் கருத்து. பெற்றோர் தாமே பார்த்து முடிவு செய்க.

பழைய மடிக்கணினிக்கு இருநூறு சொச்சம் ரூபாயில் ஒரு மவுஸ் வாங்கி மாட்டிய பின்னர் என் கைப்பிழைகள் பாதியாகக் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இதையே தொலைபேசியில் ஆட முயலாதீர். விரலே கட்டத்தை மறைத்துவிடுகிறது. தாக்கும் கட்டத்தைத் தனியே சொடுக்கி முதலில் நடந்து, பிறகு பகைவனைச் சொடுக்கித் தாக்குவது பாதுகாப்பான வழி. ஒரு சொடுக்கு கூடும். ஓர் உயிர் மிஞ்சும். இதை எனக்குக் கற்றுத் தந்தவன் பேரன். அவன் அதை ஆட்டத்தின் பயிற்சியில் படிக்கவில்லை. மூன்று வீரர்களை ஆற்றில் இழந்து கற்றான்.

நேற்று மஃரிபுக்குப் பின் அவன் என்னை அழைத்து ஒரு நிலையைக் காட்டினான். பாலத்தின் இரு முனையிலும் இரண்டு ஈட்டிக்காரர். பின்னே சிற்றூரில் காயம்பட்ட தலைவன். எதிரே ஐந்து ஓர்க்குகள். முதற்சாமம் இப்பொழுதுதான் தொடங்கியிருக்கிறது. விடிய இன்னும் இரண்டு முறை தாங்க வேண்டும். பின்வாங்கினால் சிற்றூர் போகும், நின்றால் பாலக்காவலன் போகலாம். கணக்குத் தாளில் அவன் எழுதிவைத்திருந்த எண்களைச் சரிபார்த்தேன், பிழையில்லை. “நீங்க என்ன சொல்றீங்க நன்னா?” என்றான். எனக்கும் தெரியவில்லை. சேமித்து மூடிவிட்டு இஷாவுக்குக் கிளம்பினோம். போகும் வழியெல்லாம் அந்தப் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.